தாயகம் திரும்பியவரின் அத்தோ

அயர்லாந்தின் டப்ளின் நகரில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். ஒரு மாலை, பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ் பெண்மணி மூடிய பாத்திரம் ஒன்றுடன் வந்தார். அவர் அந்நகரின் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். அன்று அவருடைய மகனுக்குப் பிறந்த நாள். பாத்திரத்தில் இருந்தது 'பான்சித்' என்னும் நூடுல்ஸ். நீண்ட இழை நீண்ட ஆயுளைக் குறிக்கும் என்பதால் பிலிப்பைன்ஸ் வீடுகளில் பிறந்த நாளன்று அதைச் சமைப்பது வழக்கம். கொடுத்த கையோடு, தவறு செய்துவிட்டவரைப் போன்ற குரலில் அவர் சொன்னார்: "எங்கள் ஊரில் இதன்மேல் கலமான்சி என்ற சின்ன எலுமிச்சையைப் பிழிவோம். இங்கே அது கிடைக்கவில்லை. கடை எலுமிச்சையைத்தான் பிழிந்திருக்கிறேன்."

இந்த மன்னிப்பை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஆரணியை அடுத்த சேவூரில், அறுபது ஆண்டுகளுக்கு முன், என் அம்மா ஒரு குறிப்பிட்ட பதார்த்தத்தைத் தட்டில் வைக்கும்போதெல்லாம் சொல்வார்: "ரங்கூன்ல இது இப்படி இருக்காது."

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். பதிலீட்டுப் பண்டங்கள் என்ற பாடத்தை முதலாண்டு மாணவர்களுக்கு எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. காபியின் விலை ஏறினால் தேநீரின் தேவை கூடும். வெண்ணெய் கிடைக்காவிட்டால் மார்கரின். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து அமர, நுகர்வோர் ஏறத்தாழ அதே மனநிறைவை அடைகிறார் என்பது பாடம். கலமான்சிக்குப் பதில் கடை எலுமிச்சை என்பதும் அந்தப் பாடத்துக்குள் அடங்கும். அதைச் சொன்ன குரல் அடங்காது.

பான்சித் என்ற சொல் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தது. எளிதில் ஆக்கக்கூடிய உணவு என்ற பொருளுடையது என்பர். அதன் அரிசி இழைக்கு அவர்கள் வழங்கும் 'பிஹோன்' என்ற பெயரும் மலேசியத் தமிழர் சொல்லும் 'மீஹூன்' என்பதும் ஒரே சீனச் சொல்லின் இரு வடிவங்கள். சீனர் கைவழியே மணிலாவுக்குப் போன இழை ரங்கூனுக்கும் போயிற்று. பர்மிய மொழியில் நூடுல்ஸுக்குக் 'கௌக்ஸ்வே' என்று பெயர். கையால் பிசைந்து கலப்பதற்குத் 'தோ' என்பார்கள். அவ்வாறு கலந்த பதார்த்தம் 'அதோ'. தமிழ் நாக்கு அதை 'அத்தோ' என்று அழுத்திச் சொன்னது.

அம்மா 1936இல் ரங்கூனில் பிறந்தவர். அது தமிழர் ஒருவர் அந்நியராக உணரத் தேவையில்லாத நகரமாக இருந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ரங்கூன்வாசிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். 1852இல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகக் காடுகள் வயல்களாயின. போருக்கு முன்பு உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மாதான். அறுவடைக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கூலியாட்கள் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறினார்கள். உழுபவருக்குக் கடன் கொடுக்கச் செட்டிநாட்டார் போனார்கள். கணக்கெழுதவும் துணி விற்கவும் என் பாட்டனாரைப் போன்றவர்கள் போனார்கள்.

பிறகு வந்தது 1930களின் பெருமந்தம். நெல் விலை சரிந்தது; கடனைக் கட்ட முடியாத உழவரின் நிலம் கடன் கொடுத்தவரிடம் போயிற்று. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் சுமார் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. அவர்கள் அந்த நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணமாகத்தான் திரும்பக் கேட்டார்கள் என்பது உண்மை. நிலத்தை இழந்த பர்மிய உழவருக்கு அந்த உண்மையால் ஆன பயன் ஒன்றுமில்லை என்பதும் உண்மை. எங்கள் குடும்பத்தில் இதன் முதற்பாதியை மட்டுமே பேசுவார்கள். இரண்டாம் பாதியை நான் ஆய்வு மாணவனான பிறகுதான் படித்தேன்.

1942இல் ஜப்பானியப் படைகள் நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் மலைகளையும் காடுகளையும் கடந்து நடந்தே வந்தனர்; வழியில் மாண்டவர் பல்லாயிரம். அம்மாவின் குடும்பம் நடக்கவில்லை. ரங்கூனுக்கு வெளியே ஒரு கிராமத்தில் போர்க்காலத்தைக் கழித்தது. போர் முடிந்ததும் நகருக்குத் திரும்பியது. அப்பா சேவூர் நெசவாளர் குடும்பத்தின் மூன்றாவது மகன். இரண்டு தறிகளுக்கு மூன்று பிள்ளைகள் அதிகம் என்பதால் ரங்கூன் துணிக்கடை ஒன்றுக்கு அனுப்பப்பட்டவர். அங்கே கணக்குப்பிள்ளையாகி, பிறகு கடையில் சிறு பங்குதாரருமானார். அங்கேயே மணம் முடித்தார். நான் பிறந்ததும் அங்கேதான்.

1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளின் முறை. காலையில் கடை திறக்கப் போன அப்பா, சாவியைக் கொடுத்துவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பினார். பிறகு அந்த வாசலில் 'மக்கள் கடை' என்ற பெயரும் ஓர் எண்ணும் எழுதிய பலகை தொங்கியது. மே 17ஆம் நாள் 50 சாட், 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வீட்டில் இருந்த சேமிப்பு முழுவதும் 100 சாட் நோட்டுகளாக இருந்தது. 2016 நவம்பர் 8 இரவு தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தபோது என் நினைவுக்கு வந்தது எந்தப் பொருளாதாரக் கோட்பாடும் அன்று. பெட்டிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகு.

அந்த ஆண்டு இறுதியில் கப்பலேறினோம். எனக்கு ஏழு வயது. கொண்டுவர அனுமதிக்கப்பட்ட பணமும் நகையும் மிகச் சொற்பம். அக்டோபரில்தான் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டிருந்தது. வங்கக் கடலின் இரு திசைகளிலிருந்தும் தமிழர்கள் அனுப்பப்பட்ட ஆண்டு அது. பர்மாவிலிருந்து தமிழகத்துக்கு மட்டும் அந்த ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். இவர்கள் அனைவருக்கும் அரசு ஒரே பெயர் வைத்தது: தாயகம் திரும்பியோர். அப்பாவுக்கு அது பொருந்தும். சேவூரில் அவர் பிறந்த வீடு அப்படியே இருந்தது. அம்மா அதற்கு முன் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இருபத்தெட்டு வயதில் முதன்முறையாக வந்து இறங்கிய ஒருவரை 'திரும்பியவர்' என்று பதிவு செய்துகொண்டார்கள்.

சேவூர் அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. தெருவில் பாவு நீண்டிருக்கும். வீட்டுக்கு வீடு குழித்தறி. ஆரணி வட்டாரம் பட்டுக்குப் பெயர் பெற்றதைப் போலவே அரிசிக்கும் பெயர் பெற்றது. ஆனால் நாங்கள் வந்து சேர்ந்த ஆண்டுகளில் அந்த அரிசி ஊருக்கே எட்டாக்கனியானது. 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மழை பொய்த்தது. 1966இல் நாடு ஏறத்தாழ ஒரு கோடி டன் உணவு தானியத்தை இறக்குமதி செய்தது; பெரும்பகுதி பி.எல்.480 திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற முழக்கம் எத்தகைய வலிமை பெற்றது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

நியாயவிலைக் கடையில் கிடைத்த கோதுமையைச் சேவூரில் யாரும் ஆசையோடு வாங்கவில்லை. சிலர் கஞ்சியாகக் காய்ச்சினார்கள், சிலர் மாட்டுக்கு வைத்தார்கள். அம்மாவுக்கு மட்டும் அந்தச் சிவந்த தானியத்தைக் கண்டதும் வேறு எண்ணம் வந்திருக்கிறது. ரங்கூனின் கௌக்ஸ்வே கோதுமை மாவில் செய்வது. அங்கே அதைக் கடையில் வாங்குவார்களே தவிர வீட்டில் யாரும் செய்ததில்லை. சீனக் கடைக்காரர் எப்படிச் செய்தார் என்பது அம்மாவுக்குத் தெரியாது. கையில் இருந்தது மாமியார் வீட்டு மர இடியாப்ப அச்சு.

அவர் கண்டுபிடித்த முறையில் பல தோல்விகள் இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது வெற்றி பெற்ற வடிவம் மட்டும். கோதுமையை அரைத்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, அச்சில் பிழிந்து, ஆவியில் வேக வைப்பார். வெந்த இழைகளை முறத்தில் உதிர்த்து ஆறவிடுவார். நல்லெண்ணெயில் பூண்டைச் சீவிப் போட்டுப் பொன்னிறமானதும் எண்ணெயைத் தனியாகவும் பூண்டைத் தனியாகவும் எடுத்து வைப்பார். வெங்காயத்தை முறுகப் பொரிப்பார். பர்மாவில் வறுத்த கொண்டைக்கடலை மாவைத் தூவுவார்கள். இங்கே பொட்டுக்கடலை மாவு. இது ஒன்றுதான் பதிலீடே இல்லாத பதிலீடு, இரண்டும் ஒரே கடலை. மீன் சாற்றுக்கு மாற்றாக, சந்தையில் வாங்கிய சென்னாக்கூனியை வறுத்துப் பொடித்துக்கொள்வார். புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், கொத்தமல்லித் தழை. முட்டைக்கோஸ் கிடைக்காத நாளில் பிஞ்சு வெள்ளரிக்காய். எல்லாவற்றையும் அகன்ற தாம்பாளத்தில் கொட்டி, விரல்களை விரித்துக் கையாலேயே புரட்டுவார்.

முதன்முறை ஆயா, அதாவது என் அப்பாவின் தாயார், தட்டைப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, நாக்குப்பூச்சியாட்டம்?" என்றாராம். ஆறு மாதத்தில் அதே ஆயா, "அந்தப் பர்மா சேவைய என்னைக்குப் பண்ணப்போற?" என்று கேட்கத் தொடங்கினார். தறி வீட்டுப் பெண்கள் தங்கள் பங்குக் கோதுமையைக் கொண்டுவந்து கொடுத்து, பிழிந்து வாங்கிப் போனார்கள். 'ரங்கூன்காரம்மா' என்ற பெயர் அம்மாவுக்குக் கேலியாகத் தொடங்கி மரியாதையாக மாறியது அந்தக் கோதுமையால்தான் என்று நினைக்கிறேன். அமெரிக்க வயலில் விளைந்து, வட ஆற்காட்டு மர அச்சில் பிழியப்பட்ட சீன வடிவத்தை, பர்மிய முறைப்படி பிசைந்து, பட்டுத்தறிக்காரர்கள் தின்றார்கள். அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

1974இல் கல்லூரிப் படிப்புக்காகச் சென்னை சென்றேன். கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே ராஜாஜி சாலையில், தாயகம் திரும்பியோரின் பிழைப்புக்காக உருவான பர்மா பஜார் அப்போது சில ஆண்டுகளே ஆன கடைத்தெரு. அதை ஒட்டிய சந்துகளில் தள்ளுவண்டிகளில் அத்தோ விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். மஞ்சளும் சிவப்புமாக நிறமேறிய தடித்த கோதுமை இழை, முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், நொறுக்கிப் போட்ட பேஜோ. உடன் வாழைத்தண்டு சூப். இந்த சூப்பின் மூலம் மொய்ங்கா என்னும் பர்மிய மீன் குழம்பு. அதிலும் வாழைத்தண்டு உண்டு. சென்னையில் பல கடைகளில் மீன் போய்விட்டது, தண்டு தங்கிவிட்டது. மரக்கறி உண்போரும் வண்டியை நாட வேண்டும் என்பது சந்தையின் கணக்கு.

சந்தை இதே வேலையை வேறு ஊர்களிலும் செய்திருக்கிறது. பர்மாவில் வணிகம் செய்த மேமன் குடும்பங்கள் தேங்காய்ப்பால் ஊற்றிய கௌக்ஸ்வேயைக் கராச்சிக்குக் கொண்டுபோயின. அங்கே அது 'கவ்ஸா'. இழைக்கு இத்தாலிய ஸ்பகெட்டியைப் பயன்படுத்துகிறார்கள், மேலே உருளைக்கிழங்கு வறுவலைத் தூவுகிறார்கள். ரங்கூன்காரர் எவரும் அதை அடையாளம் காண்பாரா என்பது ஐயமே.

முதன்முதலாகச் சென்னை அத்தோவை வாயில் வைத்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அது நன்றாகத்தான் இருந்தது. அம்மா விவரித்த ரங்கூன் பதார்த்தத்துக்கு வீட்டில் செய்வதைவிட இது நெருக்கமாக இருந்தது என்பதும் புரிந்தது. ஆனால் என் நாக்கு தேடியது சேவூரின் பழுப்பு இழையை, அதன் சொரசொரப்பை, சென்னாக்கூனியின் வாசனையை. ஏழு வயதில் விட்டுவந்த நகரத்தின் சுவை எனக்கு நினைவில்லை. அம்மாவுக்குப் பதிலியாக இருந்தது எனக்கு மூலமாகிவிட்டிருந்தது.

அடுத்த விடுமுறைக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஆரணிப் பேருந்தில் ஏறினேன். இழை தனி, எண்ணெய் தனி, புளிக்கரைசல் தனி. அம்மா தாம்பாளத்தில் கொட்டிப் பிசைந்து, ஒரு வாய் உண்டு, நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "காரம் ஜாஸ்தி. மீன் வாசனையே காணோம். மெட்ராஸ்காரங்களுக்குன்னு பண்ணியிருக்காங்க" என்றார். ஒரு இழை மீதம் வைக்கவில்லை. அதற்குப் பிறகும் தம் சமையலுக்கு மன்னிப்புக் கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

பக்கத்து வீட்டுச் செவிலியரின் மன்னிப்புக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பிலிப்பைன்ஸ் 1974ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழியே, தன் மக்களை அயல்நாட்டு வேலைக்கு அனுப்புவதை அரசின் கொள்கையாகவே ஆக்கிக்கொண்டது. வெளிநாட்டில் உழைப்போரை 'புதிய நாயகர்கள்' என்று அங்கே அழைக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் அந்நாட்டுப் பொருளாதாரத்தின் தூண்களில் ஒன்று. பிரிவின் துயரம் அதனால் குறைவதில்லை. ஆயினும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கிறிஸ்துமஸுக்கு ஊர் போய், கலமான்சி பிழிந்த பான்சித்தை உண்டு வர அவரால் முடிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு மூலம் இருக்கிறது. அம்மாவின் ரங்கூன் நே வின் ஆட்சியில் கதவடைத்துக்கொண்டது. கதவு மெல்லத் திறந்த காலத்தில் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் திரும்பவே இல்லை. தாம் செய்வது எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்று சோதித்துப் பார்க்க ஒரு வழியும் இல்லாமல் ஐம்பது ஆண்டுகள் சமைத்தார். பர்மா திரும்பியோர் எத்தனை குடும்பம், எத்தனை பேர், கொடுத்த தொழிற்கடன் எவ்வளவு, கட்டிய வீடுகள் எத்தனை என்றெல்லாம் அரசிடம் எண்கள் உள்ளன. அவர்கள் எதிலிருந்து திரும்பினார்கள் என்பதற்குப் பத்தி இல்லை.

பான்சித் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது என்றாள் மகள். "ஆயா பண்ற பர்மா சேவைய நாம பண்ணலாமாப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு ஆயா என் அம்மா. அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சேவூரிலிருந்து கொண்டுபோன இடியாப்ப அச்சு அவளிடம் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்ற துணிவில் நானே மாவு பிசைந்தேன். அச்சுக்குள் மாவு பசையாக அடைத்துக்கொண்டது. அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கியது. கீழ்ப் பர்மாவின் நில உடைமைப் புள்ளிவிவரம் நினைவிலிருக்கும் எனக்கு, அறுபது ஆண்டு தின்ற ஒரு பதார்த்தத்தின் முதற்படி தெரியவில்லை. என் தலைமுறை ஆண்கள் அடுக்களைக்குள் போனது தண்ணீர் குடிக்க மட்டும்தான்.

மகள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாவை முதல்ல துணியில கட்டி ஆவியில வெக்கணும்பா. ஆயா அப்படித்தான் பண்ணுவாங்க. வெந்த மாவை உதுத்து, சலிச்சிட்டு அப்புறமா வெந்நீர் விடணும்" என்றாள். கோடை விடுமுறைகளில் அம்மாவின் அருகில் முறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். புதிதாக மாவைக் கட்டி வைத்தோம். சென்னாக்கூனி இல்லை, ஆசியக் கடையில் தாய்லாந்து உலர் இறால் கிடைத்தது. நல்லெண்ணெய் என்று வாங்கியது வறுத்த எள்ளின் சீன எண்ணெய், வாசனை தூக்கலாக இருந்தது. பொட்டுக்கடலை, புளி இரண்டும் இந்தியக் கடையில். இழைகள் இம்முறை அறுபடாமல் இறங்கின. முள்கரண்டியை எடுத்த என் கையைத் தட்டிவிட்டு, மகள் விரல்களை விரித்துப் பிசைந்தாள்.

பாத்திரத்தை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண்மணி திறந்து பார்த்தார். "எங்கள் ஊரில் இது இப்படி இருக்காது, எண்ணெய் வேறு" என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. அவர் சிரித்துவிட்டு, எந்த நாட்டு உணவு என்று கேட்டார். பர்மா என்று தொடங்கினேன். பிறகு இந்தியா என்றேன். அவர் குழப்பத்தோடு பார்க்கவே, "சேவூர்" என்றேன். அது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை; ஒரு தட்டை எடுத்து வரும்படி உள்ளே பார்த்து மகனுக்குக் குரல் கொடுத்தார்.